பூனை பிறாண்டினால் கக்கத்தில் ஏன் நெறி கட்டுகிறது?

போன வருடம் மழை ஓய்ந்த கையோடு, ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகளுக்குப் பதினொரு வயது. இடது கையைத் தூக்கவே மாட்டேன் என்கிறாள், சட்டை மாற்றும்போது அழுகிறாள். கக்கத்தில் கோலிக்குண்டு அளவுக்கு நெறி கட்டியிருந்தது, தொட்டால் வலி, சாயங்காலம் ஆனால் லேசாக உடம்பு சுடும். கையில் புண் இருந்தால் கக்கத்திலும் காலில் புண் இருந்தால் தொடை இடுக்கிலும் நெறி கட்டும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் வீட்டிலும் முதலில் கையைத்தான் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். புண் எதுவும் இல்லை. பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் கட்டியில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்து, "டி.பி. மாதிரி தெரியுது, ஆறு மாசம் மாத்திரை போட வேண்டி வரும்" என்று சொல்ல, அக்கா அன்றைக்கு ராத்திரி போனில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

நான் போனபோது அவள் மடியில் ஒரு சாம்பல் நிறக் குட்டி. கரையில் குவித்து வைத்திருந்த பழைய வலைக்குள் தாய்ப்பூனை போட்டதாம், தூக்கி வந்துவிட்டாள். மணிக்கட்டுக்கு மேலே மங்கலாக மூன்று கோடு.

"இது எப்பம்மா பிறாண்டுச்சு?"

"அது ஆச்சு மாமா, ஒரு மாசத்துக்கு மேல. காஞ்சே போச்சு."

காய்ந்துதான் போயிருந்தது. அதனால்தான் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சந்தேகப் பட்டியலில் இன்னொரு கிருமியின் பெயரும் சேர்ந்திருக்கும்: பார்ட்டோனெல்லா.

அந்தக் கட்டியின் மாதிரியில் டி.பி. கிருமி இருக்கிறதா என்று சிபிநாட் என்ற மரபணுப் பரிசோதனை செய்து பார்த்தார்கள், இல்லை என்று வந்தது. இன்னொரு டாக்டர், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றார். இரண்டரை மாதத்தில் கட்டி தானாக வற்றிவிட்டது. பார்ட்டோனெல்லாவுக்கென்று தனியாக ரத்தப் பரிசோதனை யாரும் செய்யவில்லை, ஆகவே அதுதான் இது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் கதை அப்படியே பொருந்துகிறது, அதனால்தான் இந்தக் கட்டுரை.

பூனைப் பிறாண்டல் நோய் என்று ஒன்று இருப்பதை 1950-ல் பாரிஸில் ரோபேர் டெப்ரே என்ற குழந்தை மருத்துவர்தான் எழுதி வைத்தார். பூனை பிறாண்டுகிறது, சில நாளில் அந்த இடத்தில் சின்னக் கொப்புளம், ஒன்று முதல் மூன்று வாரத்தில் பக்கத்து நெறி வீங்குகிறது. நோய் தெரிந்துவிட்டது, கிருமி மட்டும் நாற்பது வருடம் அகப்படவில்லை. 1983-ல் வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது நெறிக்குள் குச்சி குச்சியாக ஏதோ தெரிந்தது. 1988-ல் வேறொரு கிருமியைப் பிடித்து 'இதுதான் திருடன்' என்று சொல்லிவிட்டார்கள், அது தப்பு. கடைசியில் வழி காட்டியது எய்ட்ஸ் நோயாளிகள். எதிர்ப்புச் சக்தி இற்றுப்போன அவர்களின் தோலில் சிவப்புச் சிவப்பாக ரத்தக் கட்டிகள் முளைத்தன, 1990-ல் அவற்றிலிருந்து கிருமியின் மரபணுவைப் படித்தார்கள், பார்ட்டோனெல்லா குடும்பத்தைச் சேர்ந்த அந்தக் கிருமிக்கு, அதாவது பூனைப் பிறாண்டலின் கிருமிக்கு, 1992-ல் ஹென்செலே என்று பெயர் வந்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் அந்தக் கிருமியைப் பலமுறை வளர்த்தெடுத்த டயான் ஹென்செல் என்ற ஆய்வகப் பெண்மணியின் பெயர் அது. ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த மரியாதை எப்போதாவதுதான் கிடைக்கிறது.

சரி, பூனைக்கு இது எங்கிருந்து வந்தது? இங்கேதான் பெரும்பாலானவர்கள் நகத்தோடு நின்றுவிடுகிறார்கள். நகம் வெறும் ஊசி. ஊசிக்குள் மருந்தை ஏற்றுவது தெள்ளுப்பூச்சி. உண்ணியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், உண்ணி ஒட்டிக்கொண்டு உப்பிக் கிடக்கும், தெள்ளு பக்கவாட்டில் தட்டையாக, பழுப்பாக, முடிக்குள் வழுக்கி ஓடி, பிடிக்கப் போனால் துள்ளிவிடும். கிருமியுள்ள பூனையின் ரத்தத்தைத் தெள்ளு குடிக்கிறது, கிருமி அதன் குடலில் பெருகுகிறது, எச்சத்தோடு வெளியே வருகிறது. பூனையின் முடிக்குள் மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்பாகக் கிடப்பது அந்த எச்சம்தான், அதில் கிருமி பல நாள் உயிரோடு இருக்கும். பூனை அரிப்பெடுத்துச் சொறிகிறது, எச்சம் நக இடுக்கில் ஏறுகிறது, அதே நகத்தால் பிள்ளையின் கையைப் பிறாண்டுகிறது. அவ்வளவுதான்.

1996-ல் கலிபோர்னியாவில் ஒரு சோதனை செய்தார்கள். கிருமியுள்ள பூனைகளின் மேலிருந்து தெள்ளுகளை எடுத்து ஆரோக்கியமான குட்டிகள் மேல் விட்டார்கள், குட்டிகளுக்குக் கிருமி வந்தது. தெள்ளே இல்லாமல் நோயுள்ள பூனையும் நோயில்லாத பூனையும் ஒன்றாகப் புரண்டு விளையாடியபோது வரவில்லை. எனக்கு இந்த ஒரு சோதனை போதும். தெள்ளு இல்லாத பூனை பிறாண்டினால் இந்த நோயைப் பொறுத்தவரை பெரும்பாலும் அது வெறும் கீறல்தான்.

இனி கிருமியின் சாமர்த்தியத்துக்கு வருவோம், இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ராமேஸ்வரம் தீவில் பிறந்தவர்களுக்கு மலேரியாவைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. முறைக்காய்ச்சல் வந்து, குளிரில் பல் கிட்டி, நாலு போர்வை போர்த்திப் படுத்த ஒருவராவது ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார். மலேரியா ஒட்டுண்ணியும் ரத்தச் சிவப்பணுவுக்குள்தான் புகுகிறது, ஆனால் உள்ளே தின்று பெருகி, அணுவை வெடிக்க வைத்துக்கொண்டு வெளியே வருகிறது. வெடிக்கும்போதுதான் குளிரும் நடுக்கமும். பார்ட்டோனெல்லாவும் அதே சிவப்பணுவுக்குள்தான் போகிறது. வெடிக்க வைப்பதில்லை. வாடகைக்கு வந்தவன் சத்தமில்லாமல் குடியிருப்பதுபோல இருந்துவிடுகிறது.

2001-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில், எலிகளைப் பிடிக்கும் பார்ட்டோனெல்லா வகையைப் பச்சையாக ஒளிரும்படி செய்து எலிகளின் ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். ஏற்றிய சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து எல்லாம் காணாமல் போய்விட்டது. நாலு நாள் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் திடீரென்று ரத்தத்தில் வந்து இறங்கின. இடைப்பட்ட நாளில் எங்கே இருந்தன என்றால், ரத்தக் குழாயின் உட்சுவர் செல்களில் என்பதுதான் வலுவான கருத்து. வந்தவை சிவப்பணுவில் ஒட்டி, உள்ளே நுழைந்து, சில தடவை மட்டும் இரண்டாகப் பிரிந்து, ஓர் அணுவுக்குச் சராசரியாக எட்டு என்று ஆனதும் நிறுத்திக்கொண்டன! அதற்கு மேல் பெருகினால் அணு கிழிந்துவிடும், கிழிந்தால் மாட்டிக்கொள்ளும். அந்தச் சிவப்பணுவின் ஆயுள் முடியும்வரை அப்படியே உள்ளே. ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒருமுறை அடுத்த கூட்டம் வந்து புதிய அணுக்களைப் பிடிக்கிறது.

ஏன் சிவப்பணு? நம் உடம்பின் மற்ற செல்கள், தமக்குள் அந்நியன் நுழைந்தால் அவன் துண்டு ஒன்றை வாசலில் தொங்கவிட்டுக் காவல்காரனைக் கூப்பிடும். பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது, கூப்பிடும் வசதியும் கிடையாது. உள்ளே யார் இருந்தாலும் வெளியே தெரியாது. அதுமட்டுமல்ல, ரத்தத்தில் மிதந்துகொண்டே இருந்தால்தான் அடுத்த தெள்ளு வந்து உறிஞ்சும்போது கூடவே ஏறிப் போகலாம். படகுக்காகத் துறையிலேயே படுத்துக் கிடப்பது மாதிரி.

அதனால்தான் பூனை நன்றாகவே இருக்கிறது. சாப்பிடுகிறது, ஓடுகிறது, மீன் கூடைக்குள் தலையை விடுகிறது. ஒரு வயதுக்குள் இருக்கும் குட்டிகளின் ரத்தத்தில்தான் கிருமி அதிகம், பிறாண்டுவதும் குட்டிகள்தான் அதிகம், குட்டியைத் தூக்கிக் கொஞ்சுவது பிள்ளைகள். வெக்கையும் ஈரமும் உள்ள ஊர்களில் தெள்ளு கொழிக்கும். இதையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால் கடற்கரை ஊர் ஒன்றின் படம்தான் வருகிறது: ஏலம் முடிந்து சிதறிக் கிடக்கும் சூடை மீனும் காரல் மீனும், அதற்காகக் காத்திருக்கும் இருபது பூனை, நிழலில் வலைக்குவியல், அடியில் ஈர மணல். தெள்ளின் முட்டை பூனை மேலேயே ஒட்டியிருக்காது, உதிர்ந்துவிடும். புழு நிழலில்தான் வளரும், சுள்ளென்ற வெயிலில் செத்துப்போகும். வலைக்குவியல் அதற்குக் கட்டிக்கொடுத்த வீடு.

இந்தக் கிருமியின் சொந்தக்காரர்கள் யார் தெரியுமா? உளுந்துச் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், குட்டிக் குட்டியாக முடிச்சு இருக்கும், காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்கும் ரைசோபியம் அதில் குடியிருக்கிறது. பார்ட்டோனெல்லா அந்த வம்சம். ஆட்டுக்குக் கன்று வீச்சு உண்டாக்கும் புருசெல்லாவும், செடிகளின் தண்டில் புற்றுபோலக் கழலை வளர வைக்கும் அக்ரோபாக்டீரியமும் பங்காளிகள். அக்ரோபாக்டீரியம் ஓர் ஊசி போன்ற அமைப்பின் வழியாகச் செடியின் செல்லுக்குள் தன் சரக்கை ஏற்றும். அதே மாதிரியான ஊசிதான் பார்ட்டோனெல்லாவிடமும் இருக்கிறது, ரத்தக் குழாயின் செல்லுக்குள் ஏற்றுகிறது. செடியில் கழலை என்றால், எதிர்ப்புச் சக்தி இல்லாத மனிதனின் தோலில் புதிய ரத்தக் குழாய்கள் முடிச்சு முடிச்சாக வளர்கின்றன. வேரில் நண்பன், ரத்தத்தில் ஒளிந்து வாழ்பவன், ஒரே குடும்பம்.

இன்னொரு ஊசி அமைப்பு சிவப்பணுவின் பூட்டுக்குச் சாவியாக இருக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு சாவி, அதனால் ஒவ்வொரு வகைக்கும் அதற்கென்று ஒரு விலங்கு. பூனைக்கு ஹென்செலே, மாட்டுக்கு போவிஸ், எலிகளுக்கும் வௌவால்களுக்கும் தனித்தனியாகப் பல. மனிதன் ஹென்செலேவுக்கு வழிதவறி வந்த வீடு. நம் சிவப்பணுவுக்குள் அது பூனையில் இருப்பதுபோல் நிலைத்து இருப்பதில்லை, நெறியில் போய் மாட்டிக்கொள்கிறது, அங்கே நடக்கும் சண்டைதான் வீக்கமும் வலியும்.

மனிதனையே சொந்த வீடாகக் கொண்ட வகைகள் இரண்டு. ஒன்று குயின்டானா. சீலைப்பேன் பரப்புவது, அதாவது தலையில் இல்லாமல் துணியின் தையலில் வாழும் பேன். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் மாதக்கணக்கில் ஒரே உடுப்பில் கிடந்த சிப்பாய்களுக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை காய்ச்சல், கெண்டைக்காலின் முன்னெலும்பில் உயிர்போகும் வலி. சுமார் பத்து லட்சம் பேரைப் பிடித்தது என்று கணக்கிடுகிறார்கள். பெயரிலேயே ஐந்து இருக்கிறது. நெப்போலியனின் படையில் லித்துவேனியாவில் செத்து விழுந்தவர்களின் பல்லிலிருந்துகூட 2006-ல் இதன் மரபணுவை எடுத்தார்கள். 1990-களில் சியாட்டிலிலும் மார்செய்யிலும் வீடில்லாமல் தெருவில் படுப்பவர்களிடம் திரும்ப வந்தது. போர் என்றில்லை, மாற்றுத்துணி இல்லாமை போதும்.

இரண்டாவது பாசிலிஃபார்மிஸ், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் மட்டும், மணல் ஈ கடித்து வருவது. இந்தக் குடும்பத்தில் இது ஒன்றுதான் பொறுமை இல்லாத பிள்ளை, சிவப்பணுக்களை மளமளவென்று அழித்து ஆளை வெளுத்துப்போகச் செய்துவிடும். 1870-களில் பெருவில் லீமாவிலிருந்து லா ஓரோயாவுக்கு ரயில் பாதை போட்டபோது ஆயிரக்கணக்கான கூலிகள் காய்ச்சலில் செத்தார்கள். அந்தப் பக்கம் தோலில் சிவப்பு மருக்கள் வரும் நோய் ஒன்றும் இருந்தது. இரண்டும் ஒன்றா வேறா என்று தெரியவில்லை. 1885 ஆகஸ்டில் தானியேல் அல்சிதெஸ் கர்ரியோன் என்ற மருத்துவ மாணவர், 28 வயது, ஒரு நோயாளியின் மருவிலிருந்து எடுத்துத் தன் கையில் ஏற்றிக்கொண்டார். மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்தது, அக்டோபர் 5-ல் இறந்தார். மருவிலிருந்து எடுத்தது அந்தக் கொலைகாரக் காய்ச்சலைத் தந்தது, ஆக இரண்டும் ஒன்று. பெருவில் அந்த நாள் இன்றைக்கும் மருத்துவ தினம். 1905-ல் அதே நாட்டில் ஆல்பெர்த்தோ பார்த்தோன் என்ற டாக்டர் நோயாளிகளின் சிவப்பணுக்களில் கிருமியைக் கண்டார். குடும்பப் பெயர் அவரிடமிருந்து வந்தது.

நம் கரைக்குத் திரும்புகிறேன். கடலிலும் இது அகப்பட்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் வட கரோலினா கரையில் பெருந்தலை ஆமைகளின் ரத்தத்தில் பார்ட்டோனெல்லாவின் மரபணு இருந்ததாக 2007-ல் எழுதினார்கள், அதற்கு முன்பே கரை ஒதுங்கிய, டால்பின் போன்ற ஓங்கில் வகை ஒன்றிலும். நம் மன்னார் வளைகுடாவிலும் பெருந்தலை ஆமை உண்டு, ஓங்கிலும் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை, கிடைத்தது மரபணுத் தடயம், அதனால் ஆமைக்குச் சீக்கு என்றும் ஆமையிடமிருந்து நமக்கு வரும் என்றும் ஆகிவிடாது. தெள்ளு ஏறாத உடம்புக்குள்ளும் இந்தக் குடும்பம் போய்ச் சேர்ந்திருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆளுக்கு வந்தால் என்ன ஆகும்? பெரும்பாலானவர்களுக்கு நெறி கட்டி, இரண்டு நாலு மாதத்தில் தானே வற்றிவிடும். அசித்ரோமைசின் கொடுத்தால் கட்டி சீக்கிரம் சுருங்குகிறது, கொடுப்பதா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். சிலருக்குக் கண்ணில் போய் உட்காரும், ஒரு கண் பார்வை திடீரென்று மங்கும், விழித்திரையில் நட்சத்திரம் மாதிரி ஒரு படிவம் தெரியும். ஏற்கெனவே இதய வால்வு கெட்டவர்களுக்கு அங்கே போய்ப் பற்றினால் அது வேறு கதை, உயிருக்கே ஆபத்து. இதில் ஒரு சிக்கல் உண்டு. காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்களே, ஐந்து நாள், ஏழு நாள் பார்த்துவிட்டு 'ஒன்றும் வளரவில்லை' என்று எழுதிவிடுவார்கள். பார்ட்டோனெல்லா அத்தனை சோம்பேறி, தட்டில் கண்ணுக்குத் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் எடுத்துக்கொள்ளும். பார்ட்டோனெல்லாவா என்று சந்தேகப்பட்டுத் தனியாகக் கேட்டால்தான் அகப்படும்.

டி.பி. விஷயம் இன்னும் சிக்கல். நம் நாட்டில் நாள்பட்ட நெறி என்றால் முதலில் டி.பி.யை நினைப்பது நியாயம்தான், அதுதான் அதிகம். ஊசி குத்தி எடுத்த மாதிரியில் இரண்டும் ஏறத்தாழ ஒரே சாடையில் தெரியலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், டி.பி. மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் பார்ட்டோனெல்லாவையும் அடக்கும். தவிர, தானே வற்றும் நோய் வேறு. ஆக, பூனைப் பிறாண்டலுக்கு டி.பி. மருந்து கொடுத்தாலும் கட்டி கரையும், 'பார்த்தீங்களா, டி.பி.தான்' என்று எல்லோரும் திருப்தியாகிவிடுவோம். இதைப் படித்துவிட்டு யாரும் டி.பி. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது பெரிய தப்பு. டாக்டரிடம் 'வீட்டில் பூனைக்குட்டி இருக்கிறது, போன மாதம் பிறாண்டியது' என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

அதைவிட முக்கியம், பூனை பிறாண்டினாலோ கடித்தாலோ நம் ஊரில் முதல் கவலை பார்ட்டோனெல்லா அல்ல, வெறிநோய். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மஞ்சள் வைத்து விட்டுவிடுவது, 'குட்டிதானே' என்று சும்மா இருப்பது, இதெல்லாம் விளையாட்டு இல்லை.

தெள்ளை ஒழிக்கப் போகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. நாய்க்கு விற்கும் சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனைக்கு விஷம், இழுப்பு வந்து செத்துப்போகும். கால்நடை டாக்டரிடம் பூனைக்கு என்று கேட்டு வாங்குங்கள். பூனை படுக்கும் சாக்கையும் பாயையும் வெந்நீரில் அலசி உச்சி வெயிலில் போடுங்கள். நம்மிடம் வெயிலுக்கா பஞ்சம்.

அக்கா வீட்டில் அன்றைக்கு நான் செய்தது இதுதான். பேன் சீப்பு ஒன்றை எடுத்து, குட்டியின் வாலடி முதுகில் நாலு இழுப்பு இழுத்து, சீப்பில் வந்த கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைக் காகிதத்தில் தட்டினேன். மண்ணாக இருந்தால் மண்ணாகவே கிடக்கும். இது ஒரு நிமிடம் சும்மா இருந்தது, பிறகு ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பாக ஒரு வளையம் ஊறிப் பரவியது. தெள்ளு குடித்துக் கழித்த பூனை ரத்தம். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "சீ, இதக் கொண்டு போயி கரையில விட்டுட்டு வா" என்றாள். அக்கா மகள் குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வலிக்கிற கையால் என்னிடமிருந்து சீப்பை வாங்கிக்கொண்டாள்.